அனாமத்துக் கணக்கு

1982-ல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி ராத் ஆஃப் கான்’ படத்தில் ஒரு காட்சி. புழுதிக்காற்று சுழன்றடிக்கும் ஒரு கிரகத்தில் செக்கோவ் என்ற விண்கப்பல் அதிகாரி வந்து இறங்குகிறார். பதினைந்து வருடமாக அங்கேயே கிடந்து வெந்துகொண்டிருக்கும் வில்லன் கான் அவரைப் பிடித்துவிடுகிறான். முகத்தை உற்றுப் பார்க்கிறான். பார்த்த முகத்தை நான் மறக்கிறவன் இல்லை என்று சொல்லி, பெயரையும் ஞாபகப்படுத்திக் கூப்பிடுகிறான். நல்ல காட்சி. முதுகுத்தண்டு லேசாகச் சில்லிடும்.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு பேரும் அதற்கு முன்னால் சந்தித்ததே கிடையாது.

கான் முதலில் தலைகாட்டியது டெலிவிஷன் தொடரில், 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘ஸ்பேஸ் ஸீட்’ என்ற எபிசோடில். செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் தொடரில் சேர்ந்ததே அடுத்த சீசனில். 1967 செப்டம்பருக்கு முன் அவர் முகம் திரையில் தெரிந்ததே இல்லை. கேப்டன் கிர்க் கானைப் பிடித்து அந்தக் கிரகத்தில் இறக்கிவிட்ட சமயத்தில் செக்கோவ் என்று ஒரு ஆசாமி என்டர்பிரைஸ் கப்பலின் மேல்தளத்தில் இல்லவே இல்லை.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கிளம்பிவிட்டார்கள். செக்கோவ் அப்போதே கப்பலில்தான் இருந்தார், கீழ்த்தளத்தில் எங்கேயோ வேலை, கேமராதான் அந்தப் பக்கம் போகவில்லை என்றது ஒரு கட்சி. இன்னொரு கட்சி ஆவணத்தோடு வந்தது. ஸ்டார் ட்ரெக்கில் ஒவ்வொரு கதைக்கும் ‘ஸ்டார்டேட்’ என்று ஒரு தேதி எண் உண்டு. கான் கதையின் எண் 3141.9. செக்கோவ் இருக்கிற ‘கேட்ஸ்பா’ கதையின் எண் 3018.2. சிறிய எண் என்றால் முந்தைய தேதி. ஆகவே, ஒளிபரப்பு வரிசை என்னவானாலும், கப்பலின் நாட்குறிப்புப்படி செக்கோவ் கானுக்கு சீனியர்! கோனிக்கே ரசிகர் கூட்டங்களில் மூன்றாவதாக ஒரு விளக்கம் சொல்லிச் சிரிக்க வைத்தார். கப்பலில் கான் அவசரமாக டாய்லெட்டுக்கு ஓடியபோது உள்ளே இருந்தது செக்கோவ். ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டார். கதவைத் திறந்து வெளியே வந்த அந்த முகத்தைத்தான் கான் மறக்கவில்லை.

நான் படித்தது பி.காம். இந்த மாதிரி விவகாரங்களைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது விண்வெளி அல்ல, ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகம். இருப்பாய்வு போடும்போது பற்றும் வரவும் சரியாக வராது. இருநூற்றுச் சொச்சம் ரூபாய் எங்கோ உதைக்கும். தேட நேரம் இல்லை என்றால் அந்த வித்தியாசத்தைத் தூக்கி ‘அனாமத்துக் கணக்கு’ என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடலாம். பிறகு தப்பைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து எடுத்து உரிய இடத்தில் எழுதிக்கொள்ளலாம். அறுபது வருடமாக விஞ்ஞானக் கதைத் தொடர்களின் ரசிகர்கள் செய்வது இதைத்தான். எழுத்தாளர்கள் கணக்கு எழுதுகிறார்கள், ரசிகர்கள் சம்பளமில்லாமல் ஆடிட் செய்கிறார்கள். உதைக்கிற தொகைகள் அனாமத்தில் ஏறுகின்றன.

‘வேலையத்த வேலை’ என்று இதைத் தள்ளிவிடலாம்தான். நான் தள்ள மாட்டேன். எந்த வித்தியாசத்தை அனாமத்தில் போடலாம், எதைப் போட்டால் கம்பெனியே போலி என்று ஆகிவிடும் என்று பிரித்துப் பார்ப்பதில் நல்ல விமரிசனம் இருக்கிறது.

முதலில் அழகான ஒரு எழுத்துப்பிழை. என்டர்பிரைஸின் பதிவு எண் என்சிசி-1701. ரசிகன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். 1967 அக்டோபரில் வந்த ‘தி டூம்ஸ்டே மெஷின்’ எபிசோடில் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கப்பல், சிதைந்துபோய், அனாதையாக மிதந்து வருகிறது. பெயர் கான்ஸ்டலேஷன். எண் 1017. ஒரே வகைக் கப்பல், ஒரே மாதிரி உடம்பு, எண் மட்டும் ஏன் அறுநூறு சொச்சம் பின்னால்? ரொம்பப் பழைய கப்பலைப் புதுப்பித்து இந்த வகைக்கு உயர்த்தியிருக்க வேண்டும், பழைய எண்ணை அப்படியே விட்டுவிட்டார்கள் என்றெல்லாம் வியாக்கியானம் வந்தது.

நிஜக் காரணம் கடைச் சரக்கு. என்டர்பிரைஸின் பெரிய மாடல் 11 அடி நீளம். (இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி மியூசியத்தில் இருக்கிறது.) இன்னொன்று செய்யப் பணம் இல்லை. ஏஎம்டி என்ற கம்பெனி பையன்கள் ஒட்டி விளையாடுவதற்காக விற்றுக்கொண்டிருந்த ஒன்றரை அடி பிளாஸ்டிக் என்டர்பிரைஸ் ஒன்றை வாங்கினார்கள். அங்கங்கே சுட்டு உருக்கி அடிபட்ட கப்பலாக்கினார்கள். டப்பாவோடு வந்த ஸ்டிக்கரில் இருந்த இலக்கங்கள் 1, 7, 0, 1. அவற்றை மாற்றி ஒட்டினால் வேறு கப்பல். அவ்வளவுதான் ரகசியம்.

இதோடு நின்றிருந்தால் துணுக்குச் செய்தி. கதை வேறு பக்கம் போனது. ‘கோர்ட் மார்ஷல்’ என்ற எபிசோடில் ஒரு அதிகாரியின் அறைச் சுவரில் பட்டியல் ஒன்று மாட்டியிருக்கும். அதில் கப்பல் எண்கள் மட்டும் இருக்கும், பெயர்கள் கிடையாது. அறை வெறுமையாகத் தெரியக்கூடாதே என்பதற்காக யாரோ ஒரு கலைத்துறை உதவியாளர் எழுதியது. கிரெக் ஜீன் என்ற ரசிகர் எழுபதுகளில் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதைகளில் அடிபட்ட கப்பல் பெயர்களை இந்த எண்களோடு ஊகமாகப் பொருத்தி, துப்பறியும் கதைப் பாணியில் ரசிகர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதே காலத்தில் ஃபிரான்ஸ் ஜோசஃப் என்பவர் வெளியிட்ட டெக்னிக்கல் மேனுவலில் வேறு எண்கள் இருந்தன. அந்தப் புத்தகம் 1975-ல் சக்கைப்போடு போட்டது. ஆனாலும் கடைசியில் ஜெயித்தது ஜீன்தான். 1994-ல் வந்த அதிகாரபூர்வ ஸ்டார் ட்ரெக் கலைக்களஞ்சியத்தில் மைக்கேல் ஒகூடா அவருடைய எண்களை எடுத்துக்கொண்டார். ரசிகனின் ஊகம் கம்பெனியின் பேரேட்டில் ஏறிவிட்டது! 1017 மட்டும் அந்த வரிசையில் ஒட்டாமல் இன்றைக்கும் தனியாக நிற்கிறது.

ஜீன் அதற்குள் ஹாலிவுட்டில் பெயர்பெற்ற மினியேச்சர் கலைஞராகியிருந்தார். 2022-ல் காலமானார். 1996-ல் ஸ்டார் ட்ரெக்கின் 30-வது ஆண்டுக்காக ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர் ஒரு விசேஷ எபிசோட் எடுத்தபோது பழைய என்டர்பிரைஸை மறுபடி மாடலாகச் செய்து கொடுத்ததும் அவர்தான். இரண்டாவது வழக்கு அந்த எபிசோடில்தான் இருக்கிறது. நெற்றி வழக்கு.

கிளிங்கன்கள் என்று ஒரு போர் இனம். அறுபதுகளில் அவர்களுக்கு இருந்தது கொஞ்சம் மாநிறச் சாயம், கொடுவாள் மீசை, அடர்ந்த புருவம். நெற்றி நம்மைப் போல வழவழ. காரணம் பட்ஜெட். 1979-ல் சினிமா எடுத்தபோது கையில் காசு இருந்தது, நெற்றியில் எலும்பு மேடு முளைத்துவிட்டது. அதற்கப்புறம் எல்லா கிளிங்கனுக்கும் மேடுதான். 1994-ல் ஒரு படி மேலே போனார்கள். அறுபதுகளில் வழவழ நெற்றியோடு வந்த மூன்று கிளிங்கன் பாத்திரங்களை அதே மூன்று நடிகர்களைக் கொண்டே திரும்ப அழைத்துவந்தார்கள், நெற்றி மேட்டோடு. ஆள் அதேதான், நெற்றி வேறு. யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த 1996 எபிசோடில் தப்பிக்க வழியே இல்லை. நவீன ஆட்கள் காலப்பயணம் போய், 1967-ல் எடுத்த பழைய படச்சுருளுக்குள்ளேயே நுழைகிறார்கள். மேட்டு நெற்றி வோர்ஃப் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்திலேயே வழவழ நெற்றி கிளிங்கன்கள். நண்பர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள், வோர்ஃபைப் பார்க்கிறார்கள். ஒருவர் மரபணு மாற்றமா என்கிறார். இன்னொருவர் வைரஸா என்கிறார். வோர்ஃப் முகம் இறுகுகிறது. அவர்களும் கிளிங்கன்கள்தான், அது பெரிய கதை, அதை நாங்கள் வெளியாரிடம் பேசுவதில்லை என்கிறார்.

இதுதான் தொடர்ச்சிப் பிழைக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த பதில் என்பது என் அபிப்பிராயம். ஒரே வசனம். வித்தியாசம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது, மழுப்பவில்லை. அதோடு அந்த இனத்தின் ரோஷத்தையும் காட்டிவிடுகிறது. குடும்பத்தில் ஏதோ அவமானம் நடந்திருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள். பார்க்கிறவன் மனசில் ஒரு கதவு பாதி திறந்து நிற்கிறது.

2005-ல் அந்தக் கதவை உடைத்தார்கள். ‘என்டர்பிரைஸ்’ என்ற முன்கதைத் தொடர் தன் கடைசி சீசனில் இரண்டு எபிசோட் செலவழித்து முழு விளக்கம் கொடுத்தது. மனிதர்கள் செய்த மேம்பட்ட மனித மரபணுவைக் கிளிங்கன்கள் தங்கள் உடம்பில் ஏற்றிப் பார்த்தார்கள், அது வைரஸோடு கலந்து தொற்றாகப் பரவியது, மருந்து உயிரைக் காப்பாற்றியது, நெற்றி போயிற்று. 1996-ல் நண்பர்கள் சொன்ன இரண்டு ஊகமும் சரி என்று ஆகிவிட்டது. கணக்கு பைசா சுத்தமாக டேலி. எபிசோடுகளும் மோசமில்லை. ஆனாலும் ஏதோ குறைந்துபோனது. மேக்கப் செலவுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கின மாதிரி. அதுவும் நிலைக்கவில்லை. 2017-ல் ‘டிஸ்கவரி’ தொடர் கிளிங்கன்களை மொட்டையடித்து மண்டையையே வேறாக்கியது. 2019-ல் முடி வளர்ந்தது. 2023-ல் பழைய முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வோர்ஃப் சொன்னதுதான் சரி, பேசாமலே இருந்திருக்கலாம்.

கான் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அவனிடம் செக்கோவைவிடப் பெரிய உதைப்பு இரண்டு இருக்கிறது. ஒன்று, தேதி. 1967 எபிசோட்படி கான் உலகத்தில் கால்வாசிக்கு மேல் ஆண்டது 1992-லிருந்து 1996 வரை. எழுதினவர்களுக்கு முப்பது வருடம் என்பது யுகாந்தரமாகத் தெரிந்திருக்கும். 1996 வந்தே விட்டது. அந்த வருடம் ‘வாயேஜர்’ கப்பல்காரர்கள் காலப்பயணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் வந்து இறங்கினால், கடற்கரையில் ஜனங்கள் ஜாலியாக இருக்கிறார்கள், யுத்தத்தின் சுவடே இல்லை. 2023-ல்தான் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ இதைத் தீர்த்தது. எதிர்காலத்திலிருந்து ஆளாளுக்கு வந்து சரித்திரத்தில் கைவைத்ததால் எல்லாம் தள்ளிப்போய்விட்டதாம். தன் வேலைக்காக 1992-லிருந்து காத்துக் காத்து நொந்துபோன ஒரு ரோமுலன் உளவாளி அதில் புலம்புவாள். சிரிப்பாக இருக்கும், மன்னித்துவிடலாம்.

இரண்டாவதை மன்னிப்பது கஷ்டம். கான் நூனியன் சிங் யார்? கப்பலின் சரித்திர நிபுணர் அவன் முகத்தைப் பார்த்து வட இந்தியா, அநேகமாகச் சீக்கியன் என்று ஊகிக்கிறாள். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். தாடி இல்லை, தலைப்பாகை இல்லை. அவள் வரைகிற ஓவியத்தில் மட்டும் தலைப்பாகை. போகட்டும், அறுபதுகள். மனுஷர் அபாரமாக நடித்தார் என்பதும் உண்மை. 2013-ல் ‘இன்டு டார்க்னஸ்’ படத்தில் அதே கானாக வந்தவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். வெளிர் முகம், இங்கிலாந்து உச்சரிப்பு. படம் எதுவும் விளக்கவில்லை. பிறகு வந்த காமிக்ஸ் புத்தகத்தில் முகத்தை ஆபரேஷன் செய்து மாற்றிவிட்டார்கள் என்று எழுதினார்கள்.

ஸ்டிக்கர் எண்ணை மாற்றி ஒட்டியதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே இல்லாத காசுக்காக ஒரு பொம்மையை உருமாற்றினார்கள், தப்பில்லை. இங்கே காசுக்குப் பஞ்சமில்லை, சீக்கிய முகத்துக்குத்தான் பஞ்சம். அதைச் சரித்திரக் குழப்பம் போலக் காமிக்ஸில் சரிக்கட்டுவதற்கு ஆடிட்டர் பாஷையில் விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். ஸ்டார்டேட் தசமப் புள்ளிக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் இதற்கு இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம்.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வை இந்த இடத்தில் குறிப்பிடாவிட்டால் அந்தக் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1966-ல் கதாநாயகன் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியவில்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போட்டு ஒப்பேற்றாமல், ஆள் மாறுவதையே கதையாக்கினார்கள். டாக்டர் சாகும் தறுவாயில் புது உடம்பு எடுத்துக்கொள்வார். 1976-ல் யாரோ விளையாட்டாகப் பன்னிரண்டு முறைதான் மாறலாம் என்று வரம்பு எழுதிவைத்தார்கள். பன்னிரண்டு எங்கே வரப்போகிறது என்ற தைரியம்! 2013-ல் வந்துவிட்டது. இடையில் மறைத்து வைத்திருந்த ஒரு டாக்டர், முகம் மாறாமல் வீணான ஒரு முறை எல்லாவற்றையும் கூட்டி, வரம்பு முடிந்தது என்று கணக்குக் காட்டிவிட்டு, அப்புறம் புதிதாக இன்னொரு சுற்று சாங்ஷன் செய்தார்கள். கடன் தள்ளுபடி. நேர்மையாகக் கணக்குக் காட்டிவிட்டுச் செய்த தள்ளுபடி என்பதால் உறுத்தவில்லை.

எனக்கு நிஜமாக வயிறெரிந்தது ‘வாயேஜர்’ விஷயத்தில்தான்.

கணக்குப்பதிவியலில் விதிப்பிழை என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கினதைச் செலவில் எழுதுவது மாதிரி. இருப்பாய்வு டேலி ஆகிவிடும், ஆனால் லாபமே பொய். 1995-ல் தொடங்கிய வாயேஜரின் அடிப்படை பிரமாதமானது. ஒரு கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி வீசப்படுகிறது. முழு வேகத்தில் திரும்பினாலும் 75 வருடம். துறைமுகம் கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது, மாற்று ஆள் கிடையாது. ஆரம்ப எபிசோட் ஒன்றில் கப்பலில் இருக்கிற ஃபோட்டான் டார்பிடோக்கள் 38 என்றும், தீர்ந்தால் வேறு வழியில்லை என்றும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த வசனம் அது. ஒரு கதை தன் கையிருப்பை முதல் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறது. இனி ஒவ்வொரு டார்பிடோவும் ஒரு முடிவு. இன்றைக்குச் சுடுவதா, நாளைக்கு வைத்துக்கொள்வதா?

ரசிகர்கள் நோட்டில் குறிக்க ஆரம்பித்தார்கள். எழுத்தாளர்கள் குறிக்கவில்லை. 38 எப்போதோ தாண்டிப் போயிற்று, டார்பிடோ பறந்துகொண்டே இருந்தது. சின்ன ஷட்டில் கலங்கள் வாரம் ஒன்று வெடித்தன, அடுத்த வாரம் கொட்டகையில் புத்தம்புதிதாக நின்றன. ஏழு வருடம் அடிவாங்கிய கப்பல் வாட்டர் சர்வீஸிலிருந்து வந்த கார் மாதிரி பளபளத்தது. 1997-ல் ‘இயர் ஆஃப் ஹெல்’ என்று இரண்டு பகுதிக் கதை. கப்பல் துண்டு துண்டாகிறது, தளம் தளமாக மூடுகிறார்கள், கேப்டன் ஜேன்வே தழும்போடு திரிகிறார். அப்பாடா, வந்துவிட்டார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கடைசி நிமிடத்தில் காலம் பின்னோக்கி ஓடி எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. மறு ஒளிபரப்பில் எந்த எபிசோடை எந்த வரிசையில் போட்டாலும் புரிய வேண்டும் என்பது வியாபார ஏற்பாடு. அதற்காக எல்லா எபிசோடும் பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிய வேண்டியிருந்தது.

38-ஐத் தாண்டிச் சுட்டது எண்ணிக்கைத் தவறு என்றால் நான் கவலைப்பட மாட்டேன். ‘நாங்களே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டோம்’ என்று ஒரு வரி வசனம் போதும், அனாமத்தில் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கப்பலில் பற்றாக்குறைதான் கதை. பற்றாக்குறை பொய் என்றால் வீடு திரும்பும் ஏக்கமும் பொய். ஜேன்வே எடுக்கிற கஷ்டமான முடிவுகளுக்கு விலையே இல்லை. கேட் மல்க்ரூ அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த உழைப்பை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

ஆத்திரப்பட்ட இன்னொருவர் ரொனால்ட் டி. மூர். ஸ்டார் ட்ரெக்கில் பத்து வருடம் எழுதினவர். 1999-ல் வாயேஜரில் சேர்ந்த வேகத்திலேயே வெளியேறினார். கப்பல் ஏன் அழுக்காவதே இல்லை என்று வெளிப்படையாகக் கேட்டார். பிறகு அவர் எடுத்ததுதான் புதிய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’. 2003-ல் குறுந்தொடர், பிறகு முழுத்தொடர். எந்திர இனமான சைலான்கள் மனித குலத்தை அழித்துவிட, ஐம்பதாயிரம் சொச்சம் பேர் கப்பல் கூட்டமாக ஓடுகிறார்கள். முழுத்தொடரின் முதல் எபிசோடின் பெயர் ‘33’. 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வருகிறான். யாரும் தூங்கவில்லை. 237 முறை தாவித் தப்பியாயிற்று என்கிறார்கள், 130 மணி நேரம் ஆயிற்று என்கிறார்கள். பெருக்கிப் பார்த்தேன். 237 × 33 = 7,821 நிமிடம். அறுபதால் வகுத்தால் 130 மணி நேரம், மிச்சம் 21 நிமிடம். எழுதினவர்கள் கால்குலேட்டரைத் தொட்டிருக்கிறார்கள்!

ஜனாதிபதி லாரா ராஸ்லின் நேற்றுவரை கல்வி மந்திரி. அவருடைய மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. யாராவது செத்தால் அழித்து எழுதுவார். வாராவாரம் டைட்டிலிலும் அந்த எண் வரும். ‘33’-ன் முடிவில், ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்ததாக நம்பப்படும் ஒரு கப்பலைத் தாங்களே சுட வேண்டிவருகிறது. பலகையில் 47,972. அப்போது உதவியாளன் வந்து, ஒரு கப்பலில் குழந்தை பிறந்திருக்கிறது, ஆண் குழந்தை என்கிறான். ராஸ்லின் எழுந்து போய், கடைசி இலக்கத்தை அழித்து 3 போடுகிறார். இசையும் இல்லாமல் அதைக் காட்டியிருந்தால்கூடப் போதும். டார்பிடோவை எண்ண மறுத்த தொடர் ஏழு வருடத்தில் எனக்குக் கொடுக்காததை அந்த ஒற்றை இலக்கம் கொடுத்தது.

மனிதர்களை இவ்வளவு ஒழுங்காக எண்ணியவர்கள் எந்திரங்களை எண்ணுவதில் கோட்டைவிட்டார்கள் என்பது வேறு கதை. மனித வடிவ சைலான்கள் பன்னிரண்டு மாடல். ஒன்றிலிருந்து ஆறுவரை வந்தார்கள், பிறகு ஷாரனை எட்டு என்றார்கள். மீதி ஐந்து பேர் ரகசியம். அந்த ஐந்து பேரும் வேறு ரகம், அவர்களுக்கு எண்ணே கிடையாது என்று பின்னால் முடிவானபோது ஏழாம் எண் அனாதையாக நின்றது. 2009-ல் அவசரமாக டேனியல் என்று ஒரு ஏழாம் மாடல் இருந்ததாகவும், கலை மனம் படைத்தவன் என்றும், ஒன்றாம் மாடல் பொறாமையில் அவனை அழித்துவிட்டான் என்றும் வசனம் எழுதினார்கள். கச்சிதமான அனாமத்து. ஆனால் ரசிகர்கள் எண்ணிப் பழகியவர்கள் அல்லவா, அந்த டேனியல்தான் நாயகி ஸ்டார்பக்கின் காணாமல்போன அப்பா, பியானோ வாசித்தவன், எல்லா மர்மத்துக்கும் சாவி அவன்தான் என்று பக்கம் பக்கமாக நிரூபித்துவிட்டார்கள். கடைசியில் மூரே வந்து, ஐயா, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, நம்பர் உதைத்தது, அதற்காக ஒரு ஆளைப் போட்டோம் என்று விளக்க வேண்டியதாயிற்று. பலர் இன்னும் அவரை நம்பவில்லை.